மூக்கின் மேல் கொம்பு வைத்த நாலணா

ஐந்து பைசாவுக்கு ஒரு புளிப்பு உண்டு. நாக்கின் நுனியில் வைத்தால் முதலில் சில்லென்று இருக்கும். பிறகு பல்லின் வேரில் ஒரு கூச்சம் ஏறும். அதன்பிறகுதான் அந்த அலுமினியப் புளிப்பு, காலி டிபன் தூக்கை நக்கியதுபோல, மெல்ல வாய் முழுவதும் பரவும். காசை வாயில் போடாதே என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் ஏற்காடு மலையில் எங்கள் ஊரிலிருந்து, கடை இருக்கும் நாகலூருக்குக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் இறங்க வேண்டும். தலையில் கொய்யாக்கூடையோ விறகோ இருக்கும், இரண்டு கையும் அதைப் பிடித்திருக்கும், கால்சட்டையில் பை இருந்தால் அந்தப் பையில் ஓட்டையும் இருக்கும். ஆகவே உப்புக்கும் தீப்பெட்டிக்கும் கொடுத்துவிட்ட காசு, தானாகவே கன்னத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

அப்படி நடக்கும்போது எங்களுக்குள் ஒரு விளையாட்டு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்க வேண்டும்; கூட வருபவன் ஒரு காசை நாக்கில் வைப்பான்; என்ன காசு என்று சொல்ல வேண்டும். நான்கு மூலையும் மழுங்கிய சதுரம் என்றால் ஐந்து பைசா. ஓரம் பூவிதழ்போல வளைந்து வளைந்து போனால் பத்து பைசா. ஆறு மூலை என்றால் இருபது பைசா. நாலணாவும் எட்டணாவும் வட்டம்தான், ஆனால் அவற்றின் ஓரத்தில் அரம்போலப் பல் இருக்கும், நாக்கை லேசாகச் சுரண்டும். இருபத்தைந்து பைசா என்று பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் சொல்வோம். மற்ற எல்லா இடத்திலும் அது நாலணா. இந்த விளையாட்டில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆனால் பள்ளிக்கூடத்தில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை, நாக்கில்தான் முதல்.

என் அம்மாவுக்கு அதே வித்தை விரலில் இருந்தது. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கப் போகிறவள். எழுத்து, எண் இரண்டும் தெரியாது. பஸ்ஸில் நின்றுகொண்டே இடுப்புச் சுருக்குப்பைக்குள் இரண்டு விரலை விட்டு, எதையும் வெளியே எடுத்துப் பார்க்காமல், கேட்ட காசை கண்டக்டர் கையில் வைப்பாள். "இந்தக் காசையெல்லாஞ் செஞ்சவங்க, என்னாட்டம் பொம்பளைங்களையும் நெனச்சுப் பாத்துத்தான் செஞ்சிருக்கோணும் கண்ணு" என்பாள். காசுக்கு உருவம் கொடுப்பவர் யார், எங்கே உட்கார்ந்து அதை வரைகிறார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மா அவரைப் பற்றி, பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு நல்ல மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவாள்.

என் தங்கை செல்விக்கு அப்போது நான்கு வயது ஆகிக்கொண்டிருந்தது. காது நன்றாகக் கேட்கும். சிரிப்பாள், ஓடுவாள், வேண்டியதை விரலால் காட்டுவாள். பேச்சு மட்டும் வரவில்லை. சேலத்துப் பெரியாஸ்பத்திரியில் காட்டியபோது, வரும், பொறுங்கள் என்றார்கள். அம்மா பொறுத்தாள், பொறுத்துக்கொண்டே எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்கு ஒரு வேண்டுதலும் வைத்தாள். ஒவ்வொரு சந்தை நாளும் தன் கூலியில் வந்த ஒரு நாலணாவைச் செல்வியின் தலையை மூன்று முறை சுற்றி, அவள் கையால் தொடவைத்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, மஞ்சள் துணியில் முடிந்துவைப்பது. பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் அந்த முடிப்பை அப்படியே மலையுச்சிக் குகைக்குக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைப்பது. முடிப்பு விட்டத்திலிருந்து ஒரு கயிற்றில் தொங்கியது. அவசரத்துக்குக்கூட அதிலிருந்து ஒரு காசை எடுத்து வேறு காசு போடக் கூடாது. பிள்ளை தலையைச் சுற்றிய காசு எதுவோ அதுதான் சாமிக்குப் போக வேண்டும். மாற்றினால் வேண்டுதல் முறிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

மாசி மாதத்தில் ஒரு சந்தை நாள் சாயங்காலம், அம்மா நாலணாவைச் சுற்றி முடித்துக் கையை நீட்டியதும், செல்வி அதைப் பார்த்துத் தெளிவாக "காசு" என்றாள். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அடுத்த வாரமே தண்ணி, பஸ், பூனை, போ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செய்தி கேட்டுச் செம்மநத்தத்திலிருந்து வந்த என் தாய்மாமன், "பொறந்தது நம்மூட்ல, பேச்சு மட்டும் கடைக்காரன் பேச்சு! மொத வார்த்தையே காசு!" என்று அவளைத் தூக்கிச் சுற்றினார்.

வெள்ளையன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டு நிலைப்படி தாழ்வானது; அவர் குனிந்து நுழையும்போது மூக்கு முதலில் வரும், மாமா பின்னால் வருவார். செம்மநத்தத்தில் அவருக்கு இரண்டு துண்டு நிலம். சாமை விதைப்பார், ஓரத்தில் மரவள்ளி நடுவார். அவருக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி காட்டுப்பன்றி. போன கார்த்திகையில் அறுப்புக்கு நின்ற சாமையை ஒரு கூட்டம் உழுதுவிட்டுப் போயிருந்தது. அதிலிருந்து அவர் சாதாரணமாகப் பேசும்போதுகூடப் பன்றி விரட்டும் குரலிலேயே பேசினார்.

சேர்வராயன் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியிருந்தது. மாமா திருவிழாவுக்காக முன்கூட்டியே வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அம்மா முடிப்பை இறக்கி, காசுகளை மறுபடி மஞ்சள் தண்ணீரில் அலசி, வாசலில் வாழையிலை போட்டு வெயிலில் பரப்பினாள். பாதிக் காசுகள் பழைய நாலணா. மீதிப் பாதி, அந்த வருடங்களில் புதிதாக வந்துகொண்டிருந்த "எவர்சில்வர்" நாலணா. அவை கைக்கு வழுவழுவென்று இருந்ததால் அம்மாவுக்கு அவற்றின்மேல் முதலிலிருந்தே அவ்வளவாகப் பிரியம் இல்லை. ஆனாலும் கூலியில் வந்ததால், விளக்கு வைக்கும் நேரத்து மங்கலில் படத்தைப் பார்க்காமல் முடிந்துவைத்திருந்தாள். இப்போது தண்ணீர் காய்ந்து, கோடுகளுக்குள் மட்டும் மஞ்சள் தங்கியது. பளபளப்பான காசின் நடுவே, மஞ்சள் நிறத்தில், குட்டைக்காலும் பருத்த உடம்புமாக ஒரு மிருகம் எழுந்து நின்றது. இலை முழுவதும் மஞ்சள் மிருகங்கள்.

மாமா குனிந்து பார்த்தார். "ஏனம்மிணி, இதென்ன? சாமிக்கு முடிஞ்ச காசுல பன்னியா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. மாமா ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரு நல்லா. பன்னி! நாங்க ராவும் பகலுந் தகரந் தட்டித் தொரத்துறோம். கவருமெண்டு என்னடான்னா, அதையே காசுல அடிச்சு ஊடூடா அனுப்புது!"

எங்கள் குடும்பத்தில் திருவிழா மாதத்தில் பன்றிக்கறி சமைக்க மாட்டார்கள். அந்த வார்த்தையைக்கூட வீட்டுக்குள் சொல்ல மாட்டார்கள். மாமாவோ அதை ஊருக்கே கேட்கும்படி ஏழெட்டு முறை சொல்லிவிட்டார். வெட்டிய பலாப்பழத்தோடு வந்த அப்பா, சங்கதியைக் கேட்டுவிட்டு, "வேற காசா மாத்திப் போட்டாப் போச்சு மச்சான்" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பலாப்பழத்தோடு திரும்பிப் போய்விட்டார். மாற்றினால் வேண்டுதல் முறியும். மாற்றாவிட்டால் பன்றியைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைக்க வேண்டும்.

நான் தைரியமாக நடுவில் புகுந்தேன். "மாமா, அது பன்னியில்லீங்க. காண்டாமிருகமுங்க."

"காண்டா... என்னது?"

"காண்டாமிருகமுங்க. பாடத்துல இருக்குது."

"நாலெழுத்துப் படிச்சாப் பன்னிக்குப் பேரு மாறிருமா கண்ணு? நீ அதைப் பாத்திருக்கறயா?"

"இல்லீங்க."

"உங்க வாத்தியாரு?"

"தெரியலீங்க."

"நானு பன்னியப் பாத்திருக்கறேன். பன்னியும் என்னையப் பாத்திருக்குது. எங்க ரெண்டு பேருத்துக்கும் சந்தேகமே இல்ல" என்று மாமா வழக்கை முடித்துவிட்டார்.

ஆனால் வழக்கு முடியவில்லை. அவர் போட்ட சத்தத்தில் செல்வி பயந்துபோய்த் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தாள், ஆனால் பேச வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. தண்ணி வேண்டுமென்றால் முன்போலவே விரலைக் காட்டினாள். அம்மா அன்று எஸ்டேட்டுக்குப் போகவில்லை. மாமாவுக்கும் முகம் செத்துவிட்டது, குரலைத் தாழ்த்திக்கொண்டு செல்வியிடம், "பூனை எங்க சாமி? பஸ்சு எங்க?" என்று கேட்டுக்கேட்டுப் பார்த்தார். அவள் குதிரின் பின்னாலிருந்து அவரையே பார்த்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்த் தோளைப் பிடித்தாள். "சாமி, நீ படிச்ச புள்ள. நெசமாச் சொல்லு. அது பன்னியா, நீ சொன்ன மிருகமா? மாமன் முன்னால ஜெயிக்கோணும்னு சொல்லியிருந்தா இப்பவே சொல்லிப்புடு. நானு சாமிகிட்ட வேற ஏதாச்சுங் கேட்டுக்கறேன்."

பாடப் புத்தகத்தில் அந்த மிருகத்தின் பெயரும், அதற்கு மூக்கின் மேல் கொம்பு உண்டு என்ற ஒரு வரியும் இருந்தன, படம் இல்லை. காசில் இருப்பது அதுதான் என்று எங்கள் வகுப்பில் பேசிக்கொண்டோம், அவ்வளவுதான். கொம்பு அத்தனை சிறிய காசில், நகத்தின் ஓரம் அளவுகூட இல்லாமல் இருந்தது. "மிருகந்தாம்மா, நானே காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படிக் காட்டுவது என்று யோசித்தேன்.

அந்த நாட்களில் பையன்கள் எல்லோரிடமும் ஒரு சொத்து இருந்தது: எஸ்டேட் பங்களாவின் குப்பையில் கிடைக்கும் ப்யூஸ் போன பல்பு. அதன் பித்தளை மூடிக்குள் இருப்பதை ஆணியால் குடைந்து எடுத்துவிட்டு, உள்ளே தண்ணீர் நிரப்பி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, துண்டுப் பிலிமைச் சுவரில் பெரிதாக்கிக் "சினிமா" காட்டுவோம். சிறிதைப் பெரிதாக்கும் ஒரே கருவி என்னிடம் அதுதான். அம்மாவைக் காசுகளை மறுபடி வாழையிலையில் பரப்பச் சொல்லி, இருப்பதிலேயே தேயாத ஒரு காசைப் பொறுக்கி எடுத்து, பல்பையும் கொண்டுவந்து, உச்சி வெயிலில் மாமாவை வாசலில் உட்காரவைத்தேன்.

மாமா பல்பை ஒரு கண்ணில் வைத்துக் காசை எட்ட நீட்டிப் பிடித்தார். "இதென்ன, காலு மேல இருக்குது? செத்த பன்னியாட்டம் கெடக்குது!"

"கிட்டக் கொண்டாங்க மாமா. நொம்பக் கிட்ட."

காசை அவர் பல்பின் அருகே கொண்டுவந்தார். மிருகம் சட்டென்று நிமிர்ந்து பல்பு முழுவதும் நின்றிருக்க வேண்டும். மாமா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு மறுபடி குனிந்தார். வயலில் காலடித் தடத்தைப் பார்த்து, எத்தனை பன்றி, எந்தப் பக்கம் போனது என்று கணிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"பன்னிக்குக் கோரைப்பல்லு கடவாயில கெளம்பி மேல வளையும்" என்றார், தமக்குள் பேசுவதுபோல. "இதுக்கு வாயில ஒண்ணுமில்ல. மூக்கு மேல முளைச்சிருக்குது." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "பெடரியில மசுரக் காணோம். பன்னிக்கு அது நட்டுக்கிட்டு நிக்கும். தோலப் பாரு, மடிச்சு மடிச்சுக் கம்பளி போத்துனாப்புல. காலு ஒவ்வொண்ணும் ஒரலாட்டம் இருக்குது. பன்னி இந்தக் காலை வெச்சுக்கிட்டு என்ர வேலியத் தாண்டவே முடியாது."

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமா பல்பைக் கீழே வைத்தார். "பன்னியில்லம்மிணி. இது நம்ம மலையில இல்லாத சீவன். இவஞ் சொன்ன பேரே இருக்கட்டும்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒரு பெயர் மட்டும்தான். பன்றி எது என்று முழுமையாகத் தெரிந்த ஒருவரால்தான் பன்றி அல்லாததைச் சொல்ல முடிந்தது. அதை இவ்வளவு விளக்கமாக அப்போது நினைக்கவில்லை. அப்போது நினைத்ததெல்லாம், அம்மா பெருமூச்சு விட்டுவிட்டாள், இனிமேல் செல்வி பேச வேண்டும் என்பதுதான்.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. செல்வி என் முழங்கை ஓரமாக நின்றிருந்தாள். பல்பை அவளே எடுத்து, மாமா செய்ததுபோலவே கண்ணில் வைத்துக்கொண்டாள். நான் காசைப் பிடித்தேன். அவள் அந்த மிருகத்தைப் பார்த்தாள். பல்பை இறக்கி மாமாவைப் பார்த்தாள். மறுபடி பல்பில் பார்த்தாள். பிறகு காசின் மேல் விரலை வைத்து, இரண்டு நாள் சேர்த்துவைத்த சத்தத்தையெல்லாம் சேர்த்து,

"மாமா!" என்றாள்.

முதலில் சிரித்தது, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாதான். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாமா மெதுவாகக் கையைத் தூக்கித் தம் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "பன்னின்னு சொன்னனல்ல, எனக்கு இது வேணும்" என்றார். செல்வி விடவில்லை. இலையில் கிடந்த ஒவ்வொரு காசாகத் தொட்டு, "மாமா, மாமா, மாமா" என்று சொல்லிக்கொண்டே போனாள். பழைய நாலணா வந்தபோது மட்டும் "காசு" என்றாள்.

திருவிழாவுக்கு விடியற்காலையில் கிளம்பினோம். மூடுபனியில் முன்னால் போகிறவர்களின் முதுகு தெரியாது, மேளச் சத்தம் மட்டும் மேலேயிருந்து இறங்கி வரும். குகைக்குள் எல்லோரும் குனிந்துதான் போக வேண்டும்; அம்மா ஒரு கையில் செல்வியையும் ஒரு கையில் முடிப்பையும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பூசாரி முடிப்பை வாங்கினார், சாமியின் காலடியில் வைத்தார், பிள்ளையின் நெற்றியில் திருநீறு இட்டார். அவ்வளவுதான். துணியை அவிழ்க்கவே இல்லை. வெளியே வந்ததும் அம்மா, "ஏனுங்ணா, அவுரு பாக்கவே இல்லீங்களே!" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. மாமா அந்தக் குறையை வைக்கவில்லை. பொரி வாங்கிய இடத்திலும், ராட்டினத்தின் அருகிலும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் நிறுத்தி, "ஏனுங்க, உங்க கையில எவர்சில்வர் நாலணா இருக்குதுங்களா? அதுல இருக்கறது பன்னின்னு நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்து, கோரைப்பல்லிலிருந்து குளம்பு வரை விளக்கினார். இறங்கும்போது தம் மடியிலிருந்து ஒரு புது நாலணாவை எடுத்துச் செல்வியின் கையில் வைத்தார். "இந்தா சாமி, உன்ர மாமன் போட்டோ. செலவு பண்ணிப்புடாத."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது "மாமா காசு" ஆகிவிட்டது. நாகலூர்க் கடைக்காரரிடம் நான் மறதியாக "மீதிக்கு ரெண்டு மாமா காசு குடுங்க" என்று கேட்டு, அவர் விழித்ததும் உண்டு.

மாமாவுக்கு ஒரு ஆசை மட்டும் மீதி இருந்தது: அந்த மிருகத்தை உயிரோடு பார்க்க வேண்டும். எனக்கு வேலை கிடைத்த பிறகு மைசூருக்கு அழைத்துப்போனேன். அங்கே மிருகக்காட்சி சாலையில், நாங்கள் போன நேரம், அது சேற்றில் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தது. மாமா கம்பி ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, ரகசியமாக, "கண்ணு, இப்பத்தான் எனக்கு லேசாச் சந்தேகமா இருக்குது. உங்கொம்மாகிட்டச் சொல்லிப்புடாத" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது அந்த நாலணா செல்லாது. அதற்கு முன்பே சதுர ஐந்து பைசாவும், பூவிதழ்ப் பத்து பைசாவும், ஆறு மூலை இருபது பைசாவும் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. எந்தக் கடையில் எந்த நாளில் கடைசியாக ஒன்றைக் கொடுத்தேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. இன்று ஒரு ரூபாயும் வட்டம், இரண்டு ரூபாயும் வட்டம். ஏற்காடு பஸ்ஸில் அம்மா சுருக்குப்பைக்குள் விரலை விட்டுத் துழாவிவிட்டு, காசை வெளியே எடுத்து என்னிடம் காட்டுகிறாள். "மூலையெல்லாம் எங்க போச்சு கண்ணு? அந்த நல்ல மனுசன் வேலைய உட்டு நின்னுட்டாரா?" என்கிறாள்.

செல்வி கல்யாணமாகிச் சேலத்தில் இருக்கிறாள். வாயை மூடுவதே இல்லை, அம்மாவே சில நேரம் காதைப் பொத்திக்கொள்கிறாள். போன மாதம் போயிருந்தபோது, பல் முளைத்துக்கொண்டிருக்கும் அவள் மகன் என் மடியில் உட்கார்ந்திருந்தான். நாலணாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் உள்ளே போய், திருவிழாவில் மாமா கொடுத்து மஞ்சள் துணியில் சுற்றிவைத்திருந்த அந்தக் காசை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். கொம்பு இன்னும் தேயவில்லை. நான் அதைக் குனிந்து பார்ப்பதற்குள் பையன் லபக்கென்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். செல்வி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவன் கன்னத்தில் காசு ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போவது வெளியே தெரிந்தது. நாக்கு மூலையைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். மூலை இல்லை, பல் இல்லை, புளிப்பு இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, எச்சில் ஒழுக அதை என் சட்டைமேல் துப்பினான்.

"அடப்பாவி" என்றாள் செல்வி, காசைத் துடைத்துக்கொண்டே. "மாமாவையே துப்பிப்புட்டானே!"

எந்த மாமாவைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் இப்போது மாமா நான்தான். கையைத் தூக்கி மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.